தூங்கவிடாத சாமியார்

‘திகம்பர சாமியார்’ படத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் வேடங்களில்தான் ஆரம்பிப்பார்கள். 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், டி.ஆர்.சுந்தரம் இயக்கம். அதில் எம்.என்.நம்பியாருக்குப் பதினோரு வேடம் என்று கணக்குச் சொல்வார்கள். ஊமைச் செவிடன், நாகஸ்வரக்காரர், தபால்காரர், முஸ்லிம் பாபா என்று விரல்விட்டுக் கொண்டே போவார்கள். பிற்காலத்தில் கையைப் பிசைந்து கண்ணை உருட்டியே ஊரை மிரட்டிய மனிதர் கதாநாயகனாக வந்த அதிசயத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. குற்றம் செய்த வக்கீலை, நம்பியார் நடிக்கும் துப்பறிவாளரான சாமியார், நாள்கணக்கில் தூங்கவிடாமல் வைத்திருக்கிறார். அடி கிடையாது, ரத்தம் கிடையாது. கண் செருகினால் விடுவதில்லை, அவ்வளவுதான். கடைசியில் உடம்பு தோற்றுப்போய் வாய் உண்மையைக் கக்குகிறது. அந்த இடத்தில் கொட்டகை கைதட்டியிருக்கும். இன்றைக்குப் பார்க்கிறவருக்கும் கை தட்டத்தான் எழும்புகிறது, எழும்பிய கை நடுவில் கொஞ்சம் தயங்குகிறது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தத் தயக்கம்தான்.

படத்துக்கு மூலம் வடுவூர் கே.துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’. காவிரி டெல்டாவின் கடைமடையில் இருக்கும் பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று பஸ் மாறிப் போனால் அவருடைய ஊருக்குப் போய்விடலாம். இன்று வடுவூர் என்றால் ஏரியும் பறவைகளும்தான் பலருக்கு நினைவு வரும். ஒரு காலத்தில் அந்தப் பெயர் புத்தக அட்டையில் இருந்தாலே போதும், விற்றுவிடும். தாசில்தார் உத்தியோகத்தில் இருந்து, அதை விட்டுவிட்டு எழுத்தே கதி என்று வந்தவர். 1919-ல் ‘மனோரஞ்சனி’ என்று மாதப் பத்திரிகை தொடங்கி அதில் நாவல்களாகப் போட்டுத் தள்ளினார். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் விறுவிறுப்பான கதைகளை எடுத்துக் காவிரிக் கரையில் நட்டார் என்பது அவர்மேல் சொல்லப்படும் குறையும் புகழும். நட்டது வேர் பிடித்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். லண்டனில் மூடுபனியும் சந்தும் இருந்த இடத்தில் மன்னார்குடியும் கும்பகோணமும் தஞ்சாவூர் டெப்டி கலெக்டர் வீட்டுப் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். தாசில்தார் வேலை பார்த்தவருக்கு எந்தக் கச்சேரியில் எந்தக் காகிதம் எப்படிக் காணாமல் போகும் என்பது கைப்பாடம். கும்பகோணத்தில் வில்லனை வைக்க வேண்டும் என்றதும் அவர் கொள்ளைக்காரனைத் தேடிப் போகவில்லை. சட்டம் படித்தவனை வைத்தார்.

சட்டம் படித்தவன் குற்றவாளி என்றால், சட்டத்தால் அவனைப் பிடிப்பது எப்படி? 1872-ன் இந்தியச் சாட்சியச் சட்டம், இருபத்தைந்தாம் பிரிவில், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று சொல்லிவிட்டது. வக்கீலுக்கு அது மனப்பாடமாக இருக்கும். சாமியார் போலீஸ் இல்லை, அந்தப் பிரிவு அவரைத் தொடாது. சட்டத்துக்குள் இருக்கிற அயோக்கியனைச் சட்டத்துக்கு வெளியே இருக்கிற யோக்கியன் மடக்குகிறான் என்ற ஏற்பாட்டில் கதை ஓடுகிறது. படிக்கிறபோது அது ஒரு சாமர்த்தியமாகத்தான் படும். திரையில், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும் ஒரு முகத்தைப் பார்க்கிறபோதுதான் வேறு ஏதோ உறுத்துகிறது.

இந்த உறுத்தலை விளங்கிக்கொள்ள டெல்டாவின் கடைக்கோடியில் ஒரு காலை நேரம் நின்றால் போதும். பேராவூரணிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934-ல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த புது ஆறு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படம் வந்தாலும், அந்தத் தண்ணீர் இங்கே வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வருவதற்குள் மேலே எத்தனை மடை, எத்தனை ஷட்டர், எத்தனை சண்டை. முறை வைத்துப் பாயும் நாளில், ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஒருத்தர் மடைப் பலகையைத் தூக்கித் தன் வயலுக்குத் திருப்பிவிடுகிறார். விடிந்து போய்ப் பார்த்தால் வரப்பில் மண்வெட்டி வெட்டிய ஈரம் காயவில்லை. பலகை பக்கத்தில் சாத்திக் கிடக்கிறது. சேற்றில் காலடி, அதுவும் ஒரு கால் கொஞ்சம் இழுத்து வைத்த காலடி. பக்கத்து வயல் நிரம்பித் தளும்புகிறது, அடுத்தது வெடித்துக் கிடக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸாக இருந்தால் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்திருப்பார். இங்கே யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. டீக்கடையில் கேட்டால், “யாருன்னு தெரியாமயாண்ணே இருக்கு? வம்பு நமக்கெதுக்கு” என்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வந்து விசாரித்தால் அதுவும் இல்லை. “நான் அந்தப் பக்கமே போகலைங்க” என்பதோடு முடிந்தது.

யார் செய்தது என்பது இங்கே மர்மமே இல்லை. அதை யார் வாய்விட்டுச் சொல்வது என்பதுதான்.

மேற்கத்தியத் துப்பறியும் கதை கண்டுபிடிக்கிறவனின் கதை. சாம்பல், காலடி, கிழிந்த சீட்டு, கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து விரலை நீட்டுவது. தமிழுக்கு அந்த வகை வந்த நாள் முதலே அது இன்னொன்றாகத் திரும்பியிருக்கிறது என்று தோன்றுகிறது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894-ல் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்த சிங், ஜே.ஆர்.ரங்கராஜுவின் கோவிந்தன் என்று வரிசையாக ஆட்கள் வந்தார்கள். ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’ ஒரு மடாதிபதியின் ஒழுங்கீனத்தைத் தொட்டது, 1936-ல் படமாகவும் ஆனது. மடத்தில் நடப்பது ஊருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததைப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்தக் கதைகளில் துப்பறிகிறவர் தேடிப் போவது தடயத்தை அல்ல, பேச்சை. ஆளைப் பேசவைக்கிறவரே இங்கே கெட்டிக்காரத் துப்பறிவாளர்.

சாமியாரின் வேடங்களை இந்தக் கோணத்தில் பார்த்தால் அவை வெறும் கோமாளித்தனம் அல்ல என்று புரியும். தபால்காரர் எல்லா வாசலுக்கும் போவார், திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தைப் படித்தும் காட்டுவார். நாகஸ்வரக்காரர் கல்யாணத்துக்கும் வருவார், கருமாதிக்கும் வருவார், இரண்டு வீட்டுக் கூடத்தையும் பார்த்திருப்பார். பாபா மந்திரித்துத் தாயத்துக் கட்ட வருகிறவர், அவரிடம் பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள். ஊமைச் செவிடன் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம், அவன் மனிதன் கணக்கிலேயே இல்லை. தெரு விட்டுத் தெரு போக முடிந்தவர்களாகவும், யாரும் நிமிர்ந்து பார்க்காதவர்களாகவும் பொறுக்கி எடுத்த பட்டியல் இது. அக்ரஹாரமும் குடியானவர் தெருவும் சேரியும் தனித்தனித் தீவாகக் கிடந்த தஞ்சை ஜில்லாவில் ஒரு சாதாரண மனிதனால் எல்லா வீட்டு வாசலிலும் நிற்க முடியாது. எங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான் என்பதிலேயே அவன் யார் என்று தெரிந்துவிடும். துறவிக்குத் தெரு இல்லை என்பது சாஸ்திரம் கொடுத்த சலுகை. வடுவூரார் தன் துப்பறிவாளரைச் சாமியாராக ஆக்கியதற்கு பக்தி காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை, போக்குவரத்து வசதியே போதுமான காரணம்.

புத்தகத்தில் இந்த வேடங்கள் வாசகரையும் ஏமாற்ற முடியும். வந்து போன கிழவன் யார் என்பது பல பக்கம் கழித்துத் தெரிந்தால் திரும்பிப் போய்ப் படிக்கலாம். திரையில் அது நடக்காது. எத்தனை தாடி ஒட்டினாலும், எந்தத் தொப்பி வைத்தாலும், அந்த மூக்கும் கண்ணும் நம்பியாருடையவை. டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அதனால் நாவலில் இருந்த ‘இது யார்?’ என்ற கேள்வி, படத்தில் ‘இவர்கள் எப்போது விழித்துக்கொள்வார்கள்?’ என்று மாறிவிடுகிறது. கொட்டகையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், கதைக்குள் இருக்கும் ஆள் ஒருவனுக்குத்தான் தெரியாது. விசித்திரம் என்னவென்றால், இதனால் படம் டெல்டாவின் நிஜத்துக்கு நாவலைவிட நெருங்கி வந்துவிட்டது. கொட்டகையே ஊராகிவிட்டது: எல்லாம் தெரிந்த, ஆனால் எழுந்து நின்று சொல்லாத ஊர். அதே 1950-ல் அதே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் நம்பியார் ராஜகுருவாக வந்து சூழ்ச்சி செய்தார். ஒரே வருஷம், ஒரே ஸ்டூடியோ, ஒரே உடம்பு. ஒன்றில் காவி ஏமாற்றுகிறது, மற்றொன்றில் காவி துப்புத் துலக்குகிறது. ஜனங்கள் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். நிஜ வாழ்க்கையில் அவர் சபரிமலைக்குக் குருசாமியாகப் பலரை அழைத்துப் போனார் என்பது இந்தக் கணக்கில் சேராத தனிக் கணக்கு.

ஊருக்குத் தெரிந்ததும் நீதிமன்றம் ஏற்பதும் வேறுவேறாக இருக்கும் என்பதை டெல்டா கதைப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலித் தகராறு, நிலக்கிழார்கள், செங்கொடி என்று காரணம் எல்லோர் வாயிலும் இருந்தது. கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அத்தனை வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருள்பட அது சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. இந்திரா பார்த்தசாரதி அந்தச் சம்பவத்தை வைத்து ‘குருதிப்புனல்’ எழுதினார். அது ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று 1983-ல் படமானது. அந்த நாவலையோ படத்தையோ யாரும் துப்பறியும் கதை என்று சொல்லமாட்டார்கள். துப்பறிய அங்கே என்ன இருக்கிறது? இப்படி ஒரு தீர்ப்புக்குப் பிறகு, தூங்கவிடாமல் உண்மையைக் கறக்கும் சாமியார் மேல் ஜனங்களுக்கு ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஆசை புரிகிறது என்பதாலேயே அது சரியென்று ஆகுமா என்பதில்தான் சிக்கல்.

துப்பறிகிறவர் எல்லை மீறுவது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1970 நவம்பர் 29 அன்று மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ‘டாட்ஓர்ட்’ வரிசையின் முதல் படம் ஒளிபரப்பானது. பெயர் ‘லைப்ஸிக்குக்கு ஒரு டாக்சி’, ஃப்ரீட்ஹெல்ம் வெரெமையரின் துப்பறியும் நாவலிலிருந்து எடுத்தது. கிழக்கு ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு குழந்தையின் சடலம், காலில் மேற்கத்தியச் செருப்பு. ஹாம்பர்க் இன்ஸ்பெக்டர் டிரிம்மலுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. பெர்லினுக்குப் போகும் சாலையை விட்டு இறங்கவே அனுமதி கிடையாது. அவர் இறங்கி டாக்சி பிடித்து லைப்ஸிக் போகிறார். அவரும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார், ஆனால் வெளியே நிற்பது படம் முழுக்க அவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் சாமியாருக்கு அந்த உறுத்தல் கிடையாது. ஜெர்மானியர்கள் அந்த வரிசையை இன்றும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஒவ்வொரு வட்டாரத் தொலைக்காட்சிக்கும் தனித்தனி ஊர், தனித்தனி இன்ஸ்பெக்டர். பெரிய நகரத்தோடு நிற்கவில்லை. அல்காய் என்று மாடு மேய்ச்சலுக்குப் பேர்போன மலைச்சரிவுக்கும் க்ளுஃப்டிங்கர் என்று ஒரு ஆள் உண்டு, அந்த வரிசையைச் சேராதவர் என்றாலும் அவரும் நாவலிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தவர்தான்.

சாமியாருக்கு இல்லாத உறுத்தல் இங்கே சட்டத்துக்கு இருந்தது. 1950 ஜனவரி 26-ல் இந்திய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. இருபதாவது ஷரத்தின் மூன்றாவது உட்பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்த மை காய்வதற்குள், அதே வருஷத்தில், தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஒரு சாமியார் ஒருவனைத் தூங்கவிடாமல் தனக்கு எதிராகப் பேசவைத்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷம் கழித்து, 2010-ல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ பரிசோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே உட்பிரிவைக் காட்டித் தீர்ப்பளித்தது. சாமியார் தூக்கத்தைப் பறித்து உண்மையை எடுத்தார், நார்கோ பாதித் தூக்கத்தில் தள்ளி எடுக்கப் பார்த்தது. முறைதான் தலைகீழ், நம்பிக்கை ஒன்றே: மனிதனின் உடம்புக்குள் உண்மை ஒரு பொருளாகக் கிடக்கிறது, பிழிந்தால் வந்துவிடும். பிழிந்தால் வருவது உண்மைதானா என்று கேட்க வேறொரு நாவல் வர வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார் தான் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். வெற்றிமாறன் அதை ‘விசாரணை’யாக எடுத்து 2016-ல் திரைக்குக் கொண்டுவந்தார். பிழைக்கப் போன இடத்தில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். ‘திகம்பர சாமியா’ரின் அதே அறைதான், கேமரா மட்டும் விசாரிக்கப்படுகிறவன் பக்கம் நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு பழைய காட்சிக்குப் பழையபடி கைதட்ட முடியவில்லை. வக்கீல் குற்றவாளிதான் என்று கதை முன்கூட்டியே சொல்லிவிட்டதால்தான் 1950-ன் ரசிகர் நிம்மதியாக இருந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குள் அப்படி முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமியார் இரண்டு வழிகளில் பேசவைத்தார். பிழிவது ஒன்று, வேடம் போட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மற்றொன்று. முதல் வழி அடுத்தடுத்து எத்தனையோ தமிழ்ப் படங்களில் லத்தியாகவும் துப்பாக்கியாகவும் செழித்தது. இரண்டாவது வழி என்ன ஆனது என்றுதான் தெரியவில்லை. சுஜாதாவின் கணேஷ் வந்தபோது வக்கீலே துப்பறிகிறவராகிவிட்டார். கும்பகோணம் வக்கீலுக்கு அது ஒரு பாவநிவர்த்தி மாதிரி. 1978-ல் ‘ப்ரியா’வில் ரஜினிகாந்தே கணேஷாக நடித்து, கதை சிங்கப்பூர் வரை போனது. பேராவூரணிக்கு அடுத்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு கட்டிக்கொண்டவர் பட்டுக்கோட்டை பிரபாகர். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்களை வாங்கிய இந்தப் பக்கத்துப் பையன்கள், நம்மூர்க்காரர் எழுதியது என்றுதான் முதலில் கையை நீட்டினார்கள். பிரித்தால் பரத்தும் சுசீலாவும் மெட்ராஸில் இருப்பார்கள். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் வாழும் ஊரில்தானே ஏஜென்சி போர்டு மாட்ட முடியும். வடுவூரார் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் வைத்த கதையைப் பிறகு வந்தவர்கள் டெல்டாவுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனதற்கு, எல்லாம் தெரிந்த ஊரில் எதைத் துப்பறிவது என்ற இந்தக் குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்று ஒருவர் துணிந்து பேராவூரணியில் ஒரு துப்பறியும் நாவல் வைத்தால், விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. இரண்டு தோப்புக்கும் எல்லையாக நின்ற மரம் வேரோடு போனபின், எல்லை எது என்பது யார் வாயில் இருக்கிறது? வெட்டியவர், ஏற்றியவர், அடங்கல் எழுதியவர், பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனவர் என்று நாலு பேர் போதும், முந்நூறு பக்கம் எழுதலாம். கடைத்தெருவில் சிசிடிவி இருக்கிறது, செல்போன் டவர் கணக்கும் இருக்கிறது. அதெல்லாம் ஒரு வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லும், தோப்புக்குள் நடந்ததைச் சொல்லாது. அதற்கு ஆள்தான் போய் உட்கார வேண்டும். என்ன வேடத்தில்? தபால்காரரிடம் யாரும் கடிதம் படிக்கச் சொல்வதில்லை. தேங்காய் வியாபாரியாகப் போகலாம், மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்கு வரும் பெண்ணாகப் போகலாம், நல்ல யோசனைதான். ஆனால் எந்த வேடத்தில் போனாலும் இரண்டாவது கேள்வியிலேயே, “தம்பிக்கு எந்தப் பக்கம்? யாரு வீட்டுப் புள்ள?” என்று வந்துவிடும். அதற்கு என்ன பதில் சொல்கிறாரோ அதற்குத் தக்கபடிதான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் அல்லது மூடும். எழுதுகிறவர் கொலை செய்தவரின் பெயரைக் கடைசி அத்தியாயம்வரை ஒத்திப்போடலாம், துப்பறிகிறவர் எந்தத் தெருப் பிள்ளை என்பதை முதல் பக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். வடுவூரார் காவியைக் கொடுத்து அதிலிருந்து நழுவினார். இனி எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.